ஜெர்மனியில் படிக்கும் பிள்ளையின் சம்பளச் சீட்டு

நம் சங்கத்தில் இப்போதெல்லாம் கல்யாணப் பேச்சுக்கு அடுத்தபடியாக அடிபடுவது, யார் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டுக்குப் படிக்கப் போகிறான் என்பதுதான். விசா வந்ததா, வங்கிக் கடன் கிடைத்ததா, கம்பளிச் சட்டை எங்கே மலிவு என்றெல்லாம் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம். அங்கே போய்ப் பகுதி நேர வேலை பார்க்கும் பிள்ளையின் சம்பளத்தில் எது எதற்காகப் பிடிப்பார்கள், அவன் நோயில் படுத்தால் பணம் யார் கொடுப்பார்கள் என்பவற்றை மட்டும் எவரும் கேட்பதில்லை. என் தம்பி 2024 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தான். அவன் பொருட்டு நான் அறிந்துகொண்டவை மற்ற வீடுகளுக்கும் பயன்படக்கூடும். பத்தாம் வகுப்புக்கு மேல் படியாதவன்தான் நான். ஆயினும் பிறருடைய சம்பளப் பட்டியலில் பிடித்தங்களைக் கூட்டிக் கழிப்பதே என் உத்தியோகமாகையால், அந்நாட்டுச் சீட்டும் எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை.

முதலில் வைத்தியக் காப்பைச் சொல்கிறேன். ஜெர்மனியில் அது இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய முடியாது. தொழிலாளருக்கான நோய்க் காப்புச் சட்டத்தை அந்நாடு 1883 ஆம் ஆண்டிலேயே, பிஸ்மார்க் காலத்தில் இயற்றிவிட்டது. நம் நாட்டில் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் வந்தது 1948 இல். அந்தப் பழைய ஏற்பாட்டின் வழிவந்தவையே இன்றைய பொது நோய்நிதிகள். முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர் அவற்றுள் ஒன்றில் சலுகைக் கட்டணத்தில் சேரலாம். 2025 ஆம் ஆண்டில் அது மாதம் ஏறத்தாழ 140 யூரோவை ஒட்டியிருந்தது; நிதிக்கு நிதி சிறிது வேறுபடும். ஒரு யூரோ நூறு ரூபாய்க்கு மேல் விற்ற ஆண்டு அது. மாதம் பதினாலாயிரம் ரூபாய் என்றதும் எந்த வீட்டிலும் ஒரு கணம் மூச்சு நிற்கத்தான் செய்யும்.

அந்த மூச்சு நிற்கும் நேரம் பார்த்து மலிவுச் சரக்கோடு வந்து நிற்பவர்களும் உண்டு. விமானம் ஏறுவதற்கு முன்பே என் தம்பியிடம் ஒரு தரகர் தனியார் பாலிசி ஒன்றைக் காட்டினார். மாதம் முப்பத்துச் சொச்சம் யூரோ. தம்பி கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"அண்ணா, மாதம் நூறு யூரோ மிச்சமாகும். நீங்கள் கட்டுகிற வட்டியில் பெரும்பங்கு அதிலேயே அடைந்துவிடுமே. நமக்கு எதற்கு அவ்வளவு பெரிய காப்பு?"

நான் உடனே மறுக்கவில்லை. வட்டி கட்டுபவனுக்கு அந்த நூறு யூரோவின் கனம் தெரியும். பாலிசித் தாளை வாங்கி, பின்பக்கத்துச் சிறிய எழுத்தை ஓர் இரவு முழுவதும் படித்தேன். 'ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொறுப்பில்லை' என்ற வரி ஆறாம் பத்தியில் இருந்தது. தம்பிக்குச் சிறு வயது முதல் இளைப்பு உண்டு. மழைக்காலத்தில் அம்மா அவனை மடியில் சாய்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நாக்பூர்க் குளிரே அவனுக்கு ஆகாது; சாக்சனி மாநிலத்துப் பனியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

பொது நோய்நிதி மாணவனைச் சேர்க்கும்போது, உனக்கு என்ன நோய் இருந்தது என்று கேட்டு விலக்குவதில்லை. இருந்த நோய்க்கும் இனி வரும் நோய்க்கும் ஒரே அட்டைதான். இதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. தனியார் காப்பு போதும் என்று கருதும் மாணவன், பொதுக் காப்பிலிருந்து தனக்கு விலக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். படிப்புத் தொடங்கிய முதல் மூன்று மாதத்துக்குள் அதைச் செய்யலாம். எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் படிப்புக் காலம் முழுவதும் திரும்பப் பெற முடியாது. பிறகு நோய் கண்டாலும், மனம் மாறினாலும், மாணவர் கட்டணத்தில் உள்ளே வரக் கதவு திறக்காது. இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, வந்திறங்கிய களைப்பில், தெரியாத மொழியில் அச்சிட்ட தாளில் போடும் கையெழுத்து அது.

"பொது நிதியிலேயே சேர், தம்பி. அந்த நூறு யூரோவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவனுக்கு அது அரை மனம்தான்.

2025 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு அவனுக்கு இளைப்புக் கண்டு, உடன் இருந்த பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சேர்த்த நாளும் வீடு திரும்பிய நாளும் சேர்ந்து நான்கு நாள். பெரியவர்கள் நாளொன்றுக்குப் பத்து யூரோ தங்கள் பங்காகச் செலுத்தவேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதன்படி நாற்பது யூரோ கட்டினான். மருந்துச் சீட்டுக்கு மருந்து ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து யூரோ. மற்றதெல்லாம் நிதியின் பொறுப்பு. அதே அறையில் தங்கியிருந்த ஒரு பிள்ளை, மலிவுப் பாலிசிக்காரன், சில வாரங்களுக்குப் பின் வயிற்று வலிக்காக வைத்தியரிடம் போனான். முதலில் கையிலிருந்து பணம் கட்டு, பிறகு பார்க்கலாம் என்று அவன் கம்பெனி சொல்லிவிட்டது. பழைய நோயா புதிய நோயா என்ற கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் நடந்தது.

மொழிப் பயிற்சிக்கோ முன்தயாரிப்பு வகுப்புக்கோ மட்டும் போகிறவர்களுக்கும் முப்பது வயது கடந்தவர்களுக்கும் மாணவர் சலுகை கிடையாது. அவர்கள் வேறு காப்புத் தேடியே ஆகவேண்டும். அப்போதாவது சிறிய எழுத்தைப் பகல் வெளிச்சத்தில் படிக்கட்டும்.

இனி வேலை. 2024 மார்ச் முதல், நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வரும் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். வாரத்துக்கு ஐந்து அரை நாள் என்று வைத்துக்கொண்டால் 52 வாரத்துக்கு 260, வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. படிப்புக் காலத்தில் வாரம் இருபது மணிக்குள் நின்றால் வேறொரு நன்மையும் உண்டு. சம்பளத்திலிருந்து நோய்க் காப்புக்கும் வேலையின்மைக் காப்புக்கும் தனியாகப் பிடிக்கமாட்டார்கள். மாணவர் கட்டணமே போதும். ஓய்வூதியத்துக்கு மட்டும் 9.3 சதவீதம் வரை பிடிப்பார்கள். முதலாளியும் தம் பங்கைப் போடுவார். நம் வருங்கால வைப்பு நிதியைப் போலத்தான்.

தம்பி 2025 ஏப்ரலில் ஒரு கிடங்கில் சேர்ந்தான். அவ்வாண்டுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90. வாரம் இருபது மணி என்றால் 2025 இல் மாதம் சுமார் 1,110 யூரோ. அதில் ஓய்வூதியத்துக்குச் சுமார் 71. வருமான வரி ஒரு காசும் இல்லை. ஆண்டு வருமானத்தில் முதல் 12,096 யூரோவுக்கு அவ்வாண்டு அங்கே வரி கிடையாது. உழைப்போர் செலவுக்கென்று 1,230 யூரோ தனியாகக் கழித்துக்கொள்கிறார்கள். நோய்க் காப்புக்குக் கட்டியதும் கழியும். சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியபோது, அந்த ஓய்வூதியப் பிடித்தத்தைக் காட்டி அவன் ஆத்திரப்பட்டான்: "கிழவனாகும்வரை நான் இங்கேயா இருக்கப்போகிறேன், அண்ணா?" ஐந்தாண்டுக் கணக்கு நிறையாமல் நாடு திரும்பினால், இரண்டு ஆண்டு கழித்து விண்ணப்பித்துத் தன் பங்கைத் திரும்பப் பெறலாம் என்று படித்துச் சொன்னேன். முதலாளி போட்ட பங்கு வாராது. ஆதலால் சம்பளச் சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் கோப்பில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வரி எண் பற்றி ஒரு வார்த்தை. நகராட்சியில் முகவரி பதிந்ததும், பதினோரு இலக்க எண் ஒன்று தபாலில் வரும். தபால் பெட்டியில் பெயர் எழுதியிராவிட்டால் அந்நாட்டுத் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்! நான்கு பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டில் ஒருவன் பெயர் மட்டும் ஒட்டியிருப்பது வழக்கம். நம்மவர்களுக்கு மேலும் ஒரு சங்கடம்: பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், கடிதம் அந்தப் பெயருக்கே வரும். இரு பெயரையும் பெட்டியில் எழுதுவதே உத்தமம். எண் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் ஆறாம் வகுப்பு வரி, அதாவது முதல் யூரோவிலிருந்தே பிடித்தம், போட்டுவிடுவார்கள். இரண்டாவதாக ஒரு வேலை பார்த்தாலும் அதே கதிதான்.

முகவரி பதியும்போது மதம் எது என்றும் கேட்பார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு என்று பதிந்தவர், வருமான வரி கட்ட நேர்ந்தால், அதன் மீது எட்டு அல்லது ஒன்பது சதவீதம் திருச்சபை வரியும் கட்டவேண்டும். நம் குடியிருப்புக் கிறிஸ்தவ நண்பர்கள் இதைக் கேட்டு வியந்தார்கள். காணிக்கைப் பையைச் சர்க்காரே நீட்டுகிறதே என்றார் ஒருவர்.

தம்பி அவ்வாண்டு இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் ஓர் அடுமனையிலும் வேலை பார்த்தான். அங்கே ஆறாம் வகுப்புப் பிடித்தம். ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்த்து இப்படிப் பிடித்தம் ஆனவன், அடுத்த ஆண்டு ஜூலை 31 க்குள் கணக்குத் தாக்கல் செய்தே தீரவேண்டும். ஒரே வேலை பார்த்தவன் விரும்பினால் நான்கு ஆண்டுக்குள் செய்யலாம். எல்ஸ்டர் என்ற சர்க்கார் தளத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. தரகர்கள் கேட்கும் கூலியைக் கொடுப்பானேன்?

கணக்கில் வராத வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். வேறொருவன் பெயரில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பது, கையில் பணம் வாங்கிக்கொண்டு பாத்திரம் துலக்குவது முதலியவை நம் பிள்ளைகளைத் தேடி வரும். முறையான வேலையில் அடிபட்டால் விபத்துக் காப்பு உண்டு. 1884 முதல் நிலைத்துவரும் ஏற்பாடு அது, அதற்கு முழுக் கட்டணமும் முதலாளியுடையது. கணக்கில் இல்லாத வேலையில் பனியில் சறுக்கி விழுந்தவன், தான் வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையே நிரூபித்தாகவேண்டும். நிரூபித்தால் தங்கும் அனுமதிக்கு ஆபத்து; நிரூபிக்காவிட்டால் முறிந்த கை அவனுடையது. இருபது யூரோவுக்காக இந்த வேலைக்குப் போகாதே என்று தம்பியிடம் நான் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறேன்.

அடுமனையில் பிடித்த தொகையை அவனே கணக்குப் போட்டுத் தாக்கல் செய்தான். எனக்கு அனுப்பிய நகலில் கூட்டலை இருமுறை சரிபார்த்தேன், சரியாகவே இருந்தது. இவ்வாண்டு ஜெர்மனி போகும் பிள்ளைகளின் பெற்றோர், பாலிசித் தாள்களை எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை சங்கத்து வாசகசாலைக்கு வந்தால், உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.