முருகனுக்குப் பின்னால் இருக்கும் மலை

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பட்டணத்தைத் தாண்டித் தேயிலைக் காட்டுக்குள் வளைந்து ஏறும் பாதையில் ஒரு கோயில். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. சாரத்தின் மேல் நின்று ஓவியர் வேலை செய்ய, கீழே அவருடைய அக்காள் மகன் வாளியில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தான். சுவரில் முருகன் இன்னும் வரவில்லை. சாக்பீஸில் இழுத்த வெளிக்கோடு மட்டும் இருந்தது. அதைச் சுற்றி வானமும் மலையும் எழும்பிக்கொண்டிருந்தன.

"முதல்ல வானம், அப்புறம் தூரத்து மலை, அப்புறம் கிட்டத்து மலை. சாமி கடைசியிலதான் வருவாரு," என்றார் அவர். மேலிருந்து கீழே வேலை செய்தால்தான் வழிந்த சாயம் அடுத்த பூச்சில் மறையும்.

வானத்தை மட்டும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். மேலே அடர்ந்த நீலம், கீழே வரவர வெளுப்பு. சாயம் காய்வதற்குள் இரண்டையும் அகலத் தூரிகையால் இழுத்துக் கலந்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் பட்டை பட்டையாகத் தெரியும். கோலாலம்பூர் வெயிலில் சுவருக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் செய்வாராம். இந்தக் குளிரில் சாயம் மெதுவாகக் காய்கிறது. கைக்கு அவகாசம் கிடைக்கிறது. அதே குளிர் இன்னொரு பக்கம் தொல்லை. சுவர் வியர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும். பழைய பூச்சைச் சுரண்டி, காயவிட்டு, அடிப்பூச்சு அடிக்காமல் தொட்டால் ஓரிரு மழைக்காலத்தில் படம் உரிந்து விழும்.

மலைகளை அவர் தீட்டியதைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டத்து மலைக்குக் கலந்த பச்சையிலேயே கொஞ்சம் நீலமும் வெள்ளையும் சேர்த்தார். அதில் துளி சிவப்பு விட்டார். "பச்சையைக் கொல்லணும் தம்பி. தூரம் போகப்போக பச்சை உயிரோட இருக்கக் கூடாது," என்றார். கண் எதிரே அந்தச் சாயம் சாம்பல் நீலமாக அடங்கியது. அதைச் சுவரில் வைத்ததும் மலை சட்டென்று பல மைல் பின்னால் போய்விட்டது. தேயிலைச் செடிகளைப் புள்ளி புள்ளியாக வைக்கப்போன மருமகனை நிறுத்தினார். அறுத்து அறுத்து மட்டமாக்கிய செடிகள் அவை. தட்டையான மேல்பக்கமும், வரிசைகளுக்கு நடுவே கறுத்த சந்தும்தான் கண்ணுக்குத் தெரியும். முதலில் சந்துகளை இழுத்தால் செடி தானாக வரும். 1929இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டத்தில் இவருடைய தாயார் கொழுந்து பறித்தவர். அந்த வரிசைகளை யாரும் இவருக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

படத்தின் அடிப்பகுதியில் நீல ஏரி. 1963இல் அணை கட்டி உண்டான ரிங்லெட் ஏரி இன்று மேலிருந்து அடித்துவரும் மண்ணால் தேத்தண்ணி நிறத்தில் கிடக்கிறது. கேட்டேன். "நான் சின்னப் பையனா பார்த்த ஏரி இது," என்றார். அந்த நீலம் அங்கே இருக்கட்டும் என்றே எனக்கும் தோன்றியது. அண்ணாந்து பார்க்கிற பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

பின்னணிக்கும் இலக்கணம் உண்டு. மலைமுகட்டின் கோடு சாமியின் கழுத்துக்கு நேராகப் போகக் கூடாது. கழுத்தை அறுத்ததுபோல் ஆகிவிடும். தலைக்கு மேல் மரம் முளைக்கக் கூடாது. கருங்கூந்தலுக்குப் பின்னால் வெளிச்சம் வேண்டும். சூரியன் இடப்பக்கம் என்று வானத்தில் முடிவாகிவிட்டால் வேலின் பளபளப்பும் இடப்பக்கம்தான். ஆக, சாமி எப்படி நிற்பார் என்பதைப் பாதிக்கு மேல் பின்னணியே தீர்மானித்துவிடுகிறது. ஆனால் ஆலய நிர்வாகங்கள் பேரம் பேசும்போது முதலில் குறைப்பது அதைத்தான்: "சும்மா மலைதானே!"

இந்தச் "சும்மா மலை"யில் கைதேர்ந்த ஒருவர்தான் நம் வீட்டுப் பூஜை அறைகளை நிறைத்தார். சி. கொண்டையராஜு, 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் வேலைக்குப் போனார். தர்பார், தெரு, காடு, தோட்டம் என்று சீன் சீனாகத் தீட்டுகிற வேலை அது. 1942 வாக்கில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோக, அங்கேயே தங்கிச் சீடர்களைச் சேர்த்துக்கொண்டார். பக்கத்துச் சிவகாசி அச்சகங்கள் அவர்களுடைய படங்களைக் காலண்டர்களாக்கின. அந்தச் சாமிகளுக்குப் பின்னால் அருவியும் பனிமலையும் தாமரைக் குளமும் அத்தனை ஆழத்தோடு வந்ததில், மேடைத் திரை எழுதிய கைக்குப் பெரிய பங்குண்டு என்பேன். நம் கோயில் ஓவியரின் வீட்டில், சட்டம் போட்ட பழைய காலண்டர் முருகன் ஒன்று மாட்டியிருக்கிறது. தொழில் பழகியது அதைப் பார்த்துத்தானாம்.

இனி வருமானம். திருவிழா மேடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் துணியில் பின்னணி எழுதிய காலம் போய்விட்டது; அச்சடித்த பேனர் ஒரே நாளில் வந்துவிடுகிறது. கோயில் வேலையோ ஊருக்கு ஊர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அதிலும் தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்களோடு போட்டி.

கை கொடுத்தது சுற்றுலாதான். 2012இல் ஜார்ஜ் டவுன் சுவர்களில் எர்னஸ்ட் சக்கரேவிச் என்ற ஓவியர் தீட்டிய படங்களுக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக நின்று படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு மலேசியாவில் ஊர் ஊராகச் சுவரோவியம் பரவியது. கேமரன் மலைக்கு வருகிறவர்களும் தேயிலை மலை தீட்டிய சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறார்கள். அங்கே உருவமே தேவையில்லை. நடுவில் ஆள் நிற்கும் அளவுக்கு நிறத்தை அடக்கி வைத்து, இருபுறமும் விவரத்தை நிறைக்கிறார் நம் ஓவியர். வந்து நிற்கிறவர்தான் உருவம். அந்தக் காலத்து ஸ்டூடியோப் படுதாவும் இப்படித்தான் வேலை செய்தது. பின்னணிக்கென்றே காசு வாங்கக் கற்றது இந்தச் சுவர்களில்தான் என்கிறார்.

முன்பெல்லாம் "ஒரு முருகன், இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசுவாராம். பெரிய சுவரானால் நஷ்டம். இப்போது விலைப்பட்டியலில் பின்னணிக்குச் சதுர அடிக் கணக்கு, உருவத்துக்குத் தனி, சாயமும் சாரமும் தனி. பாதிப் பணம் முன்பணம். அது கைக்கு வராமல் சுவரைத் தொடுவதில்லை. இதைக் கறார் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மருமகனுக்கு அன்றன்றைக்குக் கூலி கொடுக்க வேண்டியவர் வேறென்ன செய்வார்? இந்தத் தெளிவு எல்லா ஓவியர்களுக்கும் வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டு வாங்கியிருக்கிறார்: ஏரிக் கரையின் வலது மூலையில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிக்கொள்ளும் உரிமை. அருகிலுள்ள தானா ராத்தாவில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் வேறொரு கோயிலில் அப்படிப்பட்ட மூலையைப் பார்த்துத்தான் கூப்பிட்டாராம். கும்பாபிஷேகம் முடிந்ததும் அந்த விடுதிச் சுவர் வேலை தொடங்குகிறது.