பக்கத்துத் தோட்டத்துப் பேரி

கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம் என் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் ஒரு பேரி மரம் நிற்கிறது. குளிர் விட்டதும், இலை முழுக்க விரிவதற்குள் கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். காய்தான் இல்லை. ஒரு காலத்தில் கூடை கூடையாக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பிய மரம் அது. சித்தப்பாவுக்கு மண்ணின் மேல் சந்தேகம். தொழு உரம், எலும்புத்தூள், வேப்பம் பிண்ணாக்கு என்று எல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டார். சித்தி மட்டும் வேறு பேசினார்.

"பக்கத்துத் தோட்டத்து நாட்டுப் பேரிய வெட்டிப்புட்டு ரூம் கட்டுனாங்கள்ல, அதுலருந்துதான் இது காய்க்கல. ஒத்தை மரமாப் போச்சு."

"அது வேலிக்கு அங்கிட்டு நின்ன மரம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் சித்தப்பா.

அந்தச் சம்பந்தத்தை முதலில் கண்டு சொன்னது யார்? தோட்டக்கலைக் கையேடுகளில் ஒரு வரி இருக்கும்: பேரியை ஒரே ரகமாக நடாதீர்கள், நடுநடுவே வேறு ரகமும் வேண்டும். ஏன் என்று எழுதியிருக்காது. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். கையேடு பாடநூலைக் காட்டியது. பாடநூல் தன்னைவிடப் பழைய பாடநூலைக் காட்டியது. கடைசியில் அமெரிக்க வேளாண் துறை 1894-இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் போய் நின்றேன். பேரிப் பூக்களின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றியது. எழுதியவர் மெர்ட்டன் வெயிட்.

வெயிட் மகரந்தத்தைத் தேடிப் போனவர் அல்லர். அவர் தாவர நோய் ஆய்வாளர். பேரி மரத்தைக் கிளை கிளையாகக் கருக்கும் கருகல் நோய்தான் அவருடைய வேலை. அந்த நோயின் பாக்டீரியாவைப் பூவுக்குப் பூ சுமந்து போவது தேனீதான் என்று நிறுவியவரும் அவரே. பூச்சி அண்டாமலிருக்கப் பூங்கொத்துகளைக் காகிதப் பையால் மூடிக் கட்டினார். மூடிய கொத்துகளில் நோய் இல்லை, காயும் இல்லை. நோயைப் பார்க்க வந்தவர் இரண்டாவதைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். வெயிட் நகரவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

அடுத்து அவர் போனது வர்ஜீனியாவுக்கு. அங்கே 20,000-க்கும் மேற்பட்ட மரங்கள் கொண்ட ஒரு பேரித் தோப்பு. எல்லாம் பார்ட்லெட் என்ற ஒரே ரகம். பூ கொட்டிக் கிடக்கும்; காய்ப்பு சொற்பம். அங்கே பூக்களின் மகரந்தப் பைகளை மலருமுன்னே கிள்ளியெடுத்துவிட்டு, விதவிதமான மகரந்தத்தைக் கையால் தூவினார். வேறு ரகத்தின் மகரந்தம் விழுந்த பூ காயானது. பார்ட்லெட் மகரந்தம் விழுந்த பூ உதிர்ந்தது. அதே மரத்திலிருந்து எடுத்தாலும் சரி, தோப்பின் மறுகோடியில் நிற்கும் இன்னொரு பார்ட்லெட்டிலிருந்து எடுத்தாலும் சரி, விளைவு ஒன்றுதான். அதுவரை அமெரிக்கத் தோட்டக்காரர்கள் பனியையும் மழையையும் மண்ணையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் பிண்ணாக்குக் கட்சிக்கு அங்கேயும் ஆள் இருந்திருக்கிறது.

இன்னொரு பார்ட்லெட் மரத்தின் மகரந்தம் ஏன் உதவவில்லை? இதற்கு விடை தேடினால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். பார்ட்லெட்டின் பழைய பெயர் வில்லியம்ஸ். 1770-ஐ ஒட்டி, பெர்க்ஷைர் மாவட்டத்தின் ஆல்டர்மாஸ்டன் ஊரில் ஒரு பள்ளி ஆசிரியரின் தோட்டத்தில் வளர்ந்த மரம் அது. வில்லியம்ஸ் என்ற நாற்றங்கால்காரர் அதைப் பரப்பினார். அமெரிக்காவுக்குப் போன மரங்கள் பெயரைத் தொலைத்துவிட்டன. டார்செஸ்டரில் அந்த மரங்கள் நின்ற நிலத்தை வாங்கிய ஈனாக் பார்ட்லெட் தன் பெயரையே அதற்குச் சூட்டி விற்றார். இரண்டும் ஒன்றே என்று தெரியவந்தது 1828-இல். அதற்குள் அந்த நாட்டில் பெயர் ஊன்றிவிட்டது.

பெயர் எதுவானால் என்ன, உலகில் உள்ள ஒவ்வொரு வில்லியம்ஸ் மரமும் அந்த வாத்தியார் வீட்டு மரத்தின் குச்சிதான். பேரியை விதை போட்டு முளைக்க வைத்தால் தாயைப் போல வராது. புளிப்பும் துவர்ப்புமாக எதுவோ வரும். கிறிஸ்து பிறப்பதற்கு முன்னூறு ஆண்டுகள் முன்பே கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். அதனால் நல்ல பேரி கிடைத்தால் ஒட்டுக் கட்டித்தான் பெருக்க வேண்டும். வர்ஜீனியாவில் நின்றவை கணக்குக்கு 20,000 மரங்கள். மகரந்தத்தின் கணக்கில் ஒரே மரம். ஹோமரின் ஒடிசியில், ஒடிசியஸ் சிறுவனாக இருந்தபோது தந்தை அவனுக்கென்று ஒதுக்கிக் கொடுத்த மரங்களில் 13 பேரி மரங்கள் உண்டு. அவை எத்தனை ரகம் என்று அந்தக் கிழவரைக் கேட்க எனக்கு ஆசை.

மரம் தன்னை எப்படி அடையாளம் காண்கிறது என்பது பிறகு, இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கியது. பேரிப் பூவின் நடுவில் ஐந்து சூல்தண்டுகள். உள்ளே அறைக்கு இரண்டாகப் பத்துச் சூல்கள். சூல்முடியில் விழுந்த மகரந்தத் துகள் ஒரு நுண்குழாயை விட்டு, சூல்தண்டின் வழியே கீழே இறங்க வேண்டும். சூல்தண்டில் ஒரு நொதி காத்திருக்கிறது. எஸ் மரபணு என்று ஒன்று உண்டு. அதற்குப் பல வடிவங்கள். மரத்திடம் இரண்டு இருக்கும், மகரந்தத்திடம் ஒன்று. மகரந்தத்தின் வடிவம் மரத்தின் இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போனால் அந்த நொதி குழாயின் ஆர்என்ஏவைச் சிதைக்கிறது. குழாய் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சில நாளில் பூ உதிர்கிறது. சொந்தத்துக்குள் கட்டக்கூடாது என்பதில் நம் பெரியவர்களைவிடப் பேரி கறார்.

இந்தக் கறாரின் முழு நீளத்தைப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். 1888-இல் சிபா மாகாணத்தின் மட்சுதோ என்ற ஊரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் குப்பைமேட்டில் முளைத்துக் கிடந்த பேரிக் கன்றைக் கண்டான். பெயர் மட்சுதோ ககுனோசுகே. பிடுங்கி வந்து வீட்டில் நட்டான். பத்து ஆண்டு கழித்துக் காய்த்தது: மெல்லிய பச்சைத் தோல், நீர் ததும்பும் சதை. வரப்போகும் நூற்றாண்டின் பழம் என்று அதற்கு நிஜிசெய்கி, அதாவது இருபதாம் நூற்றாண்டு, என்று பெயர் வைத்தார்கள். 1904-இல் தொட்டோரி மாகாணத்துக்குப் போய் அந்த ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தாய் மரத்தை 1935-இல் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். போரின் விமானத் தாக்குதலில் சேதப்பட்டு 1947-இல் அது பட்டுப்போனது. குச்சிகள் பிழைத்துக்கொண்டன.

நிஜிசெய்கியும் தன் மகரந்தத்தை ஏற்காது. வேறு ரகம் வைத்தால் போதுமே என்று பார்த்தால் அங்கே ஒரு சிக்கல். கிகுசுய் என்றொரு ரகம். நிஜிசெய்கியை ஒரு பெற்றோராக வைத்து உருவாக்கியது. இரண்டையும் அருகருகே வைத்தாலும் ஒன்றையொன்று காய்க்க வைக்காது. காரணம், இரண்டின் எஸ் மரபணு இணையும் ஒன்றே. ஆக, ரகம் வேறாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் இணையும் வேறாக இருக்க வேண்டும். 1979-இல் தொட்டோரியில் ஒரு விந்தை கண்ணில் பட்டது. ஒரு நிஜிசெய்கி மரம் தன் மகரந்தத்திலேயே காய்த்தது. ஒசா நிஜிசெய்கி என்று அதற்குப் பெயர். ஆராய்ந்தபோது, சூல்தண்டின் காவல் நொதிகளில் ஒன்றை உண்டாக்கும் மரபணு அதில் தொலைந்துபோயிருந்தது. ஒரு காவலாளி இல்லாத வாசல். இன்று தன்னந்தனியாகக் காய்க்கும் பேரி ரகங்களை உருவாக்க விரும்புகிறவர்கள் பலர் தேடிப் போவது அந்த மரத்தின் வழியைத்தான்.

விதி இவ்வளவு இறுக்கமானது என்று நம்பி உட்கார்ந்திருந்த எனக்குக் கலிஃபோர்னியா ஒரு குட்டு வைத்தது. அங்கே சாக்ரமென்டோ ஆற்றுப் படுகையில் அதே பார்ட்லெட் தனி ரகமாகவே தோப்புத் தோப்பாக நின்று காய்க்கிறது. பூக்கும் காலத்தில் வெயில் இதமாக இருந்தால் சில பேரி ரகங்கள் கருவுறாமலே, விதையில்லாமலே காயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் கான்ஃபரன்ஸ் ரகமும் அப்படித்தான். விதையில்லாத காய்கள் ஒல்லியாக நீண்டு வெள்ளரிப் பிஞ்சு வடிவில் தொங்கும். ஆகவே "என் வீட்டில் ஒரே மரம், அது காய்க்கிறதே" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ரகமும் வானிலையும் அவர் பக்கம். வேலிக்கு அப்பால் அவர் கவனிக்காத இன்னொரு மரமும் இருக்கலாம்.

நம் மலைகளுக்கு வருகிறேன். இந்தியாவுக்குப் பேரி வந்ததைப் பற்றி யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டிலேயே ஒரு கதையைப் பதிந்திருக்கிறார். கனிஷ்கர் காலத்தில் பிணையாக வந்த சீன இளவரசர் பஞ்சாபில் தங்கியிருந்து பேரியையும் பீச்சையும் நட்டாராம். பழனி மலைக்கும் நீலகிரிக்கும் வந்த கதை அவ்வளவு பழையதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையேறிய வெள்ளைக்காரர்கள் தம் ஊர்க் கன்றுகளைக் கூடவே கொண்டுவந்தார்கள். தமிழக மலைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் ரகங்களில் கீஃபர் என்று ஒன்று உண்டு. அதன் பூர்வீகத்தைத் தேடியபோதுதான் சித்தியின் பேச்சு எவ்வளவு தூரம் போகிறது என்று புரிந்தது.

பீட்டர் கீஃபர் ஃபிலடெல்ஃபியாவின் ராக்ஸ்பரோவில் நாற்றங்கால் வைத்திருந்தவர். அவர் தோட்டத்தில் அலங்காரத்துக்காக ஒரு சீன மணற்பேரி நின்றது. மணற்பேரியின் சதை கரகரப்பு, கல் மாதிரி கடினம். பக்கத்தில் ஐரோப்பிய ரகங்கள். அவற்றுள் பார்ட்லெட்டும் ஒன்று. மணற்பேரியின் காயிலிருந்து எடுத்த விதையில் முளைத்த ஒரு கன்று காய்த்தது. 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அந்தப் பழம் வைக்கப்பட்டது. தாய் ஆசியா, தகப்பன் பார்ட்லெட்தான் என்பது பரவலான கருத்து. சேர்த்து வைத்தது பூச்சி. சுவையில் பார்ட்லெட்டின் கால் தூசிக்குக்கூட வராது என்பது என் தீர்ப்பு. ஆனால் குறைந்த குளிரில் பூக்கும், கருகல் நோயைத் தாங்கும், வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் போட அருமையான காய். பக்கத்து மரத்தின் மகரந்தம் இல்லாவிட்டால் இந்த ரகமே இல்லை. சித்தியிடம் இதைச் சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னேன்ல" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தேனீயைப் பற்றிச் சொல்லாவிட்டால் கணக்குத் தீராது. பேரிப் பூ பார்வைக்கு அழகு. தேனீக்கு அவ்வளவு ருசிக்காது. அதன் தேனில் சர்க்கரை குறைவு. மணமும் மணமல்ல, கொஞ்சம் மீன் கவிச்சி. பக்கத்தில் கடுகோ வேறு காட்டுப் பூவோ பூத்தால் அடுக்குத் தேனீ அங்கே ஓடிவிடும். குளிர்ந்து மூட்டம் போட்ட நாளில் கூட்டைவிட்டே வராது. இரண்டு மரம் இருந்தும் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் பூத்தால் அதுவும் வீண். குளிர் போதாத வருடங்களில் பூப்பு முன்னும் பின்னுமாகச் சிதறுகிறது.

சீனாவில் சிச்சுவான் மாகாணத்தின் ஹன்யுவான் வட்டாரத்தில் 1980-களிலிருந்து மனிதர்கள் மரமேறி, மூங்கில் குச்சியில் கட்டிய கோழி இறகால் பூப்பூவாக மகரந்தம் தடவுகிறார்கள். தேனீ அழிந்துபோனதால் வந்த நிலை என்று உலகமெங்கும் படம் போட்டுக் காட்டினார்கள். பாதி உண்மை. பூச்சிமருந்துக்குப் பயந்து தேன்பெட்டிக்காரர்கள் அங்கே போக மறுத்தது உண்மைதான். மறுபாதி, விலை போகும் ஒரே ரகத்தை மலை முழுக்க நட்டுவிட்டு, மகரந்தம் தரும் ரகங்களுக்கு இடம் விடாததும், விட்டவை ஒரே சமயத்தில் பூக்காததும். ஆயிரம் தேனீ வந்தாலும் தன் மகரந்தத்தையே தனக்குக் கொண்டுவந்து கொட்டினால் என்ன பயன்? தேனீக்காகக் கண்ணீர் விடுபவர்கள் நடவு முறையையும் கொஞ்சம் திட்டலாம்.

வீட்டுத் தோட்டத்தில் ஒற்றைப் பேரியை வைத்துக்கொண்டு பூவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு: உரத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் கொழுந்துதான் வரும். ஆப்பிள் மரம் பக்கத்தில் இருப்பதை நம்ப வேண்டாம். ஆப்பிள் மகரந்தத்தில் பேரி காய்க்காது. ஆசியப் பேரி ஐரோப்பியப் பேரிக்கு உதவும், ஒரே வாரத்தில் பூத்தால். இரண்டாவது மரத்துக்கு இடமில்லையென்றால் இருக்கிற மரத்திலேயே வெயில் படும் பக்கம் ஒரு கிளையில் வேறு ரகத்தை ஒட்டுக் கட்டுங்கள். கட்டிய கிளையில் பெயிண்ட் அடித்து அடையாளம் வையுங்கள். இல்லாவிட்டால் கவாத்துக்கு வருபவர் முதலில் வெட்டுவது அதைத்தான். ஒட்டு பூக்கும்வரை, பூத்த கிளைகளை வேறு தோட்டத்திலிருந்து வாங்கி வந்து வாளித் தண்ணீரில் வைத்து மரத்தடியில் நிறுத்தினாலும் தேனீ வேலையைப் பார்த்துக்கொள்ளும். பூ இருக்கும் நாட்களில் மட்டும் எந்த மருந்தும் தெளிக்கக் கூடாது.

ஒட்டுக்குச்சி எடுக்க ஏற்ற காலம் மரம் இலையுதிர்த்து உறங்கும் மார்கழியும் தையும். பென்சில் கனம் போதும். கேட்கும்போது ரகத்தின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அது எந்த வாரம் பூக்கும் என்பதையும் கேளுங்கள்.