ஆரணியாற்றின் கடைமடையில் ஒரு டச்சுக் கல்லறை வாசல்

ஜெர்மனியில் பிங்கன் முதல் கோப்ளென்ஸ் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளும் ரைன் பள்ளத்தாக்கு, திராட்சைத் தோட்டச் சரிவுகளுக்கும் குன்றுகளின்மேல் நிற்கும் கோட்டைகளுக்கும் பெயர்பெற்றது. 2002இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்ற அந்நிலப்பகுதியை நடந்தே பார்ப்பதற்கு அடையாளமிட்ட பாதைகள் உள்ளன. அதே ரைன் நெதர்லாந்துக்குள் நுழையுமிடத்தில் உள்ள மாகாணம் கெல்டர்லாந்து. அந்த மாகாணத்தின் பெயரைத் தாங்கிய கோட்டை திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாறு கடற்கழியைச் சேரும் பழவேற்காட்டில், சீமைக்கருவேலங்காட்டுக்குள் புதைந்து கிடக்கிறது.

ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி ஆகிய ஊர்களைத் தொட்டுவரும் இந்த ஆற்றின் கரையில் திராட்சை இல்லை, நெல் உண்டு. பொன்னேரியிலிருந்து கிழக்கே நடப்பவர், வழியில் திருப்பாலைவனத்துச் சிவன் கோயிலில் தூங்கானை மாட விமானத்தை, அதாவது படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல வளைந்து முடியும் கருவறைக் கட்டுமானத்தைக் காணலாம். வடக்கே கும்மிடிப்பூண்டியின் தொழிற்சாலைகளும் தெற்கே எண்ணூர்ப் பகுதியின் அனல்மின் நிலையங்களும் நெருங்கிவர, இடைப்பட்ட இந்தச் சிறு நிலத்தில் இத்தனை நூற்றாண்டுகள் எஞ்சியிருப்பதே வியப்புக்குரியது.

கோட்டையின் வரலாறு சுருக்கமானது. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் 1610இல் இங்கு நிலைகொண்ட டச்சுக்காரர்களின் பண்டகசாலையை 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அழித்தனர். மறு ஆண்டே எழுந்த கெல்டிரியா கோட்டை, 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையின் டச்சு வணிகத்தை ஆண்டது. துணியும் வெடிமருந்தும் மட்டுமன்றி, அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இங்கிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினர் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1806இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தனர்.

இத்தனைக்கும் சாட்சியாக முழுமையோடு நிற்பது கல்லறைத் தோட்டம். அதன் வாசலின் இருபுறமும் முழு உருவ எலும்புக்கூடுகள் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று மணற்கடிகாரத்தைத் தாங்கியிருக்கிறது. வாழ்நாள் மணலாய் ஒழுகுகிறது என்பதை உயிரோடிருப்பவருக்கு நினைவூட்டும் இவ்வகை உருவங்கள் அக்கால ஐரோப்பியக் கலையில் இயல்பானவை. ஆயினும் இங்குள்ளவற்றைப் பொதுவழக்கின் நகல்கள் எனக் கடந்துபோக முடியாது. நின்று பார்ப்பவர் கண்ணுக்கு விலா எலும்புகளின் வரிசையும், இடுப்பெலும்பின் அகலமும், கண்குழிகளின் ஆழமும் ஒவ்வொன்றாகப் புலப்படும்போது, கோயில் வாயிலில் துவாரபாலகர் நிற்கும் முறையும் உடன் நினைவுக்கு வருகிறது. உள்ளே கூம்புத் தூண்களும் மாடம் கவிந்த சமாதிகளும், குடும்பச் சின்னமும் டச்சு எழுத்தும் ஆழமாக வெட்டிய கல்பலகைகளும் உள்ளன.

இக்கற்கள் ஹாலந்திலேயே செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தவை என்று பயணநூல்கள் பலவும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவருவது ஏற்கத்தக்கதன்று. பத்தேவியாவின் கல்லறைகளுக்கே சோழமண்டலக் கரையிலிருந்து கற்கள் சென்றிருக்க, கருங்கல் வேலையில் தேர்ந்த சிற்பிகள் வாழ்ந்த இக்கரைக்கு எதிர்த்திசையில் கல் சுமந்துவரத் தேவை என்ன? வரைவு டச்சுக்காரருடையதாகவும் உளி உள்ளூர்ச் சிற்பியுடையதாகவும் இருந்திருக்கும் என்று கொள்வதே பொருந்தும். அந்தச் சிற்பிகளின் பெயரைக் கணக்கிலிருந்து நீக்கும் ஒரு கூற்றை ஆதாரமின்றித் திரும்பத் திரும்ப அச்சிடுவது அநீதி.

அதைவிடப் பெரிய அநீதி கோட்டைக்கு நேர்ந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்கு வேலியும் வாயிலும் உண்டு. ஆனால் அங்கே புதைக்கப்பட்டவர்கள் எதற்காக இக்கரையில் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டிய கோட்டையோ அகழியும் புதர்மேடுமாகக் கிடக்க, வேர்கள் செங்கற்சுவரைப் பிளந்துகொண்டிருக்கின்றன. சொல்ல வேண்டிய இன்னொன்றும் இவ்வூரில் உண்டு. பத்தாண்டுகள் இங்கு பாதிரியாராயிருந்த ஆபிரகாம் ரோஜீரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து எழுத, 1651இல் வெளிவந்த நூல், இந்து சமயத்தை ஐரோப்பாவுக்கு விளக்கிய தொடக்க நூல்களுள் ஒன்று; அந்த உரையாடல் நடந்த ஊரில் அதைச் சொல்லும் ஒரு கல்வெட்டேனும் வைக்கத்தக்கது.

பெருஞ்செலவு எதையும் இந்த இடம் கேட்கவில்லை. சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றி, மேட்டை முறையாக அகழ்ந்து, புதிய சிமெண்ட்டைப் பழைய சுவரில் பூசாமல், கோட்டையையும் கல்லறைத் தோட்டத்தையும் இணைத்து ஒரு நடைபாதை அமைத்துத் தமிழில் விளக்கப் பலகைகளை நட்டால் போதும். மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் இதை அடுத்த மழைக்காலத்துக்குள் தொடங்க வேண்டும்.