டெஸ்ட் செக்

தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன், ஒரு கையில் வடை, மறு கையில் லேப்டாப் என்று உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் சிப் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், "கெர்னல், மாமா" என்பான். அதற்கு மேல் கேட்டால் அவனுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். நான் பி.காம்.

அன்றைக்கு அவனே ஆரம்பித்தான். "தப்பு கண்டுபிடிக்கிறதுக்குன்னு ஒரு ஆப்ஷன் இருந்துது மாமா. அதைத் தூக்கிட்டாங்க. அதனால எங்க டீமே முழிச்சுக்கிட்டு இருக்கு."

"தூக்கிட்டா தப்பு தெரியாதே. நிம்மதிதானே?"

"தூக்கினதாலதான் இப்ப தப்பெல்லாம் தெரியுது."

எனக்குத் தலை சுற்றியது. முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். சொன்னான். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்கிறேன்.

கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிமடியில் இருக்கிற புரொகிராம். மெமரி யாருக்கு எவ்வளவு, டிஸ்க்கை யார் தொடலாம் என்று பஞ்சாயத்து பண்ணுவது அதுதான். 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் ஆரம்பித்த லினக்ஸ், இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கிறது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும், 2017 நவம்பர் பட்டியலிலிருந்து, அத்தனையிலும் அதுதான்.

லினக்ஸ் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. சி-யில் ஒரு விவகாரம் உண்டு. சில காரியங்களைச் செய்தால் என்ன ஆகும் என்று அதன் சட்டப் புத்தகமே சொல்லாது. 'வரையறை இல்லை' என்று கையை விரித்துவிடும். உதாரணத்துக்கு, 32 பிட் எண் ஒன்றை 32 இடம் இடப்பக்கம் தள்ளச் சொன்னால்? இன்டெல் வகை பிராசஸர், 32 என்பதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு எண்ணை அப்படியே திருப்பித் தரும். பழைய 32 பிட் ஆர்ம் பிராசஸர் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு பூஜ்யம் தரும். ஒரே வரி, இரண்டு விடை. எழுதியவரின் மேஜையில் சரியாக ஓடியது, வேறு பிராசஸர் உள்ள இன்னொருவர் மெஷினில் உதைக்கும்.

இதைவிட மோசம், கம்பைலர். நாம் எழுதியதை மெஷின் பாஷைக்கு மாற்றுகிற புரொகிராம். 'இப்படி ஒரு தப்பை யாரும் செய்ய மாட்டார்கள்' என்று நம்பி அது வேலை செய்கிறது. அந்த நம்பிக்கைக்கு விலை உண்டு. 2009-ல் லினக்ஸ் 2.6.30-ல், நெட்வொர்க் சம்பந்தப்பட்ட ஒரு பகுதியில், ஒரு பெட்டியைத் திறந்து பொருளை எடுத்துவிட்டு, அடுத்த வரியில் 'பெட்டி இருக்கிறதா?' என்று சோதித்திருந்தார்கள். கம்பைலர் யோசித்தது: ஏற்கெனவே திறந்தாகிவிட்டதே, அப்படியென்றால் பெட்டி இருக்கத்தான் வேண்டும், இந்தச் சோதனை தண்டம். தூக்கிவிட்டது! எழுதியவர் கண்ணுக்குச் சோதனை இருக்கிறது. ஓடுகிற மெஷினில் இல்லை. அந்த ஓட்டை வழியாக ஒரு சாதாரண யூஸர் மொத்த மெஷினையும் கைப்பற்றலாம் என்று அந்த ஜூலையில் பிராட் ஸ்பெங்லர் என்பவர் செய்தே காட்டினார். 'இந்த மாதிரி சோதனைகளை நீக்காதே' என்று கம்பைலருக்கு உத்தரவு போடுவது அதற்குப் பிறகுதான் கெர்னலில் வழக்கமானது.

இந்த வகைத் தப்புகளைப் பிடிக்க 2016-ல் ஆண்ட்ரே ரியாபினின் என்ற ரஷ்யர் கொண்டுவந்த வசதிக்கு யூபிசான் என்று பெயர். கம்பைலரையே காவலுக்கு வைக்கிற யோசனை. சந்தேகமான இடங்களிலெல்லாம் அது ஒரு சின்னச் சோதனையைச் செருகிவைக்கும். ஓடும்போது யாராவது வரம்பு மீறினால், எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று எழுதிவைத்துவிடும். சும்மா வராது. கெர்னலின் சைஸ் ஊதிப்போகும்.

அதனாலோ என்னவோ, இதற்கு இரண்டு ஸ்விட்ச் வைத்தார்கள். முதலாவது, சோதனை வேண்டும். இரண்டாவது, மொத்தக் கெர்னலுக்கும் வேண்டும். முதலாவதை மட்டும் போட்டால், 'என்னைச் சோதி' என்று தானாகக் கையெழுத்துப் போட்டுத் தந்த ஃபைல்களை மட்டும்தான் சோதிக்கும். இரண்டாவது ஸ்விட்ச் எல்லா பிராசஸருக்கும் கிடைக்காது. 'முழுச் சோதனையை நான் தாங்குவேன்' என்று ஒவ்வொரு பிராசஸர் குடும்பமும் தனக்கான ஃபைலில் ஒரு வரி எழுதித் தரவேண்டும்.

2024-ல் கீஸ் குக் என்ற கெர்னல் பாதுகாப்பு நிபுணர் நீக்கியது இந்த இரண்டாவது ஸ்விட்சை. அநேகமாக எல்லாரும் அதைப் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள், பிறகு தனியாக எதற்கு என்பது வாதம். எக்ஸ்86, ஆர்ம், மிப்ஸ், பவர்பிசி, ரிஸ்க்-ஃபைவ், ஐ.பி.எம். மெயின்ஃப்ரேமின் எஸ்390 என்று வரிசையாக ஒவ்வொன்றின் ஃபைலிலும் அந்த ஒரு வரி பெயர் மாறியது. அந்த மே மாதம் வந்த 6.9 வெர்ஷனில் சேர்ந்தது. இனி சோதனை என்றால் முழுச் சோதனை.

"போட்டுத்தான் வெச்சிருந்தாங்கன்னா நீங்க ஏண்டா முழிக்கிறீங்க?"

பையன் வடையைக் கீழே வைத்தான். "நாங்க போடலை மாமா. முதல் ஸ்விட்ச் மட்டும்தான் ஆன். சைஸ் பெருசாகுதுன்னு எவனோ ரெண்டாவதை ஆஃப் பண்ணியிருக்கான். வாராவாரம் ரிப்போர்ட்ல 'யூபிசான் ஆன், எர்ரர் ஒண்ணும் இல்லை'ன்னு போட்டுக்கிட்டே இருந்தோம். பொய்யும் இல்லை. இப்ப புது கெர்னலுக்கு மாறினதும் லாக் நிறைஞ்சு வழியுது."

"எல்லா இடத்தையும் சோதிக்க முடியுமா?"

"முடியாது. மெஷின் எழுந்திரிக்கிற நேரத்துல ஓடற கோட் இருக்கு. அப்ப தப்பைச் சொன்னா எழுதிக்கவே ஆள் கிடையாது. அங்கெல்லாம் 'இங்கே வேண்டாம்'னு பேர் சொல்லி எழுதி வைக்கணும். பார்க்காத இடத்தைத்தான் எழுதணும் மாமா."

எனக்கு அதற்கு மேல் வடை இறங்கவில்லை.

2001-ல் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜூனியராக இருந்தேன். ஒரு மொத்த வியாபாரியின் கேஷ் புக். எங்கள் தொழிலில் டெஸ்ட் செக் என்று ஒன்று உண்டு. பன்னிரண்டு மாதத்தில் இரண்டு மாதத்தை முழுசாகப் பார்ப்பது. அதில் தப்பில்லை, பார்த்தது எது என்று குறித்து வைத்தால். சீனியருக்கு அவசரம். "மார்ச்சையும் இன்னொண்ணையும் பாரு, மத்ததுக்கு டிக் போட்டுடு" என்றார். பச்சைப் பென்சிலால் எல்லாப் பக்கத்திலும் போட்டேன். அழகான டிக். கூட்டிப் பார்க்காத பக்கத்துக்கும் அதே அழகு.

அங்கே ஒரு கேஷியர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆகஸ்டில் கல்லாவில் 1,800 ரூபாய் குறைந்திருக்கிறது. சம்பளமே 2,400. "கணக்குலதான் எங்கேயோ இடிக்குது, கொஞ்சம் பாருங்க சார்" என்று என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். இருபத்தியோரு வயதுப் பையனை சார் என்று கூப்பிட்டார். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். 1,800 வகுபடும். நான் வகுத்துப் பார்க்கவில்லை. முதலாளியிடம், "புக்ஸ் செக் பண்ணியாச்சு, சரியா இருக்கு" என்று சொன்னேன். கேஷியர் பணத்தைக் கட்டினார்.

அடுத்த வருஷம் வேறு ஏதோ தேடப்போய் அந்தப் பழைய புத்தகத்தைப் புரட்டினேன். ஆகஸ்ட் பக்கம். கீழே கூட்டுத்தொகை 24,680. அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்து எழுதியது 26,480. இரண்டின் பக்கத்திலும் என் பச்சை டிக்.

கேஷியர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். முதலாளியிடம் சொன்னேன். "அடடா, வந்தார்னா குடுத்துடலாம்" என்றார். வந்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

"அந்த ரெண்டாவது ஸ்விட்சை ஆஃப் பண்ணினது யாருன்னு கண்டுபிடிச்சீங்களாடா?" என்று அக்கா மகனிடம் கேட்டேன்.

"பழைய ரெக்கார்டுல பேர் இருக்கு மாமா" என்றான். கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சேர்ந்த புதுசுல நான்தான் போட்டிருக்கேன்" என்றான்.