நாவில் குடியேறும் ஊர்

மழலை என்னும் சொல்லில் ஒரு வேடிக்கை உண்டு. மழலை பேசும் குழந்தையால் அந்தச் சொல்லை மட்டும் சொல்ல முடியாது. ழகரம் அதன் நாவுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. வளர்ந்த பிறகாவது எல்லார்க்கும் எட்டிவிடுகிறதா என்றால் அதுவும் இல்லை. மதுரையிலும் நெல்லையிலும் வாழைப்பழம் பலருடைய வாயில் ‘வாளப்பளம்’ ஆகிறது. சென்னைப் பக்கம் அதுவே ‘வாயப்பயம்’ ஆவதைக் கேட்டிருக்கிறோம். தொடக்கத்தில் எதை எதையோ சொல்லித் தடுமாறும் குழந்தை, சில ஆண்டுகளுக்குள் தன் ஊர் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகிறது. இதற்குப் பாடம் நடத்தியவர் எவருமில்லை. பள்ளிக்கூடம் ழகரத்தைத்தான் கற்பிக்கிறது. குழந்தையோ ஊரைக் கற்றுக்கொண்டு வருகிறது.

இவ்விந்தையை அருகிலிருந்து காணும் வாய்ப்பு என் பேத்தியால் எனக்குக் கிடைத்தது. அவள் 2018-இல் கோவையில் பிறந்தவள். பெற்றோர் இருவருமே கன்னியாகுமரி மாவட்டத்தினர், பிழைப்பு அங்கே. இருவரும் வேலைக்குச் செல்வதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவி அங்கேயே தங்கினாள். 2020-இல் வந்த பெருந்தொற்று வீட்டுக் கதவை அடைத்தது. ஆகவே, பேசத் தொடங்கிய காலம் முழுவதும் அவள் கேட்டது பாட்டியின் தமிழையே. ‘என்னுடைய’ என்பதற்கு எங்கள் பக்கத்தில் ‘எனக்க’ என்போம். மெதுவாக என்பதற்குப் ‘பைய’ என்போம். “இது எனக்க பொம்மை”, “பாட்டி, பைய வா” என்று கோவையின் நடுவிலிருந்து தொலைபேசியில் அவள் பேசும்போது, எங்கள் ஊர்க் குளக்கரையில் நின்று யாரோ பேசுவதுபோல் இருக்கும்.

2022 ஜூன் மாதம் அவளைப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆயுத பூசை விடுமுறைக்கு நான் போனபோது, “வாங்க தாத்தா, இது என்ர பென்சிலுங்க” என்றாள். நான்கே மாதங்கள்! ‘எனக்க’ போய் ‘என்ர’ வந்துவிட்டது. சொல் மட்டுமா? சொற்றொடரின் முடிவில் கொங்கு நாட்டுக்கே உரிய அந்த ‘ங்க’வும், அதை லேசாக நீட்டித் தாழ்த்தும் ஓசையும்கூட வந்துவிட்டன. எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவிக்கு வரவில்லை. “அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுதா பாருங்க” என்றாள்.

பேச்சின் ஓசை குழந்தைக்குள் எப்போது நுழைகிறது என்பதை அறிஞர்கள் பல காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, பிறந்து சில நாள்களே ஆன பிரெஞ்சு, ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகையைப் பதிவு செய்து ஒப்பிட்டது. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை தாழ்வில் தொடங்கி உயர்வதாகவும், ஜெர்மானியக் குழந்தைகளின் அழுகை உயர்வில் தொடங்கித் தாழ்வதாகவும் பெரும்பாலும் இருந்தது. அந்தந்த மொழியின் ஏற்ற இறக்கமும் அப்படியே. தாயின் வயிற்றிலேயே காது பாடம் கேட்டுவிடுகிறது போலும்!

அதைவிட என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்பவரும் அவருடன் பணியாற்றிய டீஸ் என்பவரும் வெளியிட்ட ஆய்வு. இந்தியில் நம் மொழியைப் போலவே தகரமும் டகரமும் வேறு வேறு. ஆங்கிலத்தில் அந்த வேற்றுமை இல்லை. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறு, ஏழு மாதக் குழந்தைகள் அவ்விரண்டையும் எளிதாகப் பிரித்தறிந்தன. ஒரு வயதை நெருங்கிய குழந்தைகளோ பெரும்பாலும் அத்திறனை இழந்திருந்தன. எல்லா ஊர் ஓசைகளுக்கும் திறந்திருந்த செவி, தன் வீட்டுக்குத் தேவையில்லாதவற்றைக் கழித்துவிடுகிறது. மொழி கற்பதில் பாதி, மறப்பதுதான்!

சரி, வீட்டில் கற்றதை என் பேத்தி வெளியே ஏன் விட்டாள்? இங்கிலாந்தில் மில்ட்டன் கீன்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. 1967-இல் திட்டமிட்டு உருவாக்கத் தொடங்கியது. பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். அங்கே 1990-களின் தொடக்கத்தில் பால் கெர்ஸ்வில், ஆன் வில்லியம்ஸ் ஆகியோர் நான்கு, எட்டு, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்தனர். நான்கு வயதினரின் பேச்சு வளர்த்தவர்களின் பேச்சை ஒத்திருந்தது. எட்டும் பன்னிரண்டும் ஆனவர்களோ, தாய் தந்தை எந்த ஊராராயினும், தங்களுக்குள் ஒருவரையொருவர் ஒத்துப் பேசினர். வீடு கொடுத்ததைத் தெரு மாற்றிவிடுகிறது. என் பேத்திக்கு அந்த மாற்றம் சற்று விரைவாக வந்ததென்று நினைக்கிறேன். நான்கு ஆண்டுகள் அடைபட்டிருந்த பிள்ளை, தோழமைக்கு ஏங்கியிருந்திருப்பாள். தோழியின் கையைப் பிடிப்பதுபோல அவளுடைய பேச்சையும் பிடித்துக்கொண்டாள்.

ஆயினும் வீடு முழுவதும் தோற்பதில்லை. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் புறநகர் ஒன்றில் ஆர்வில்லா பெய்ன் என்பவர் செய்து 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. வெளியூரிலிருந்து சிறு வயதில் குடியேறிய பிள்ளைகள் அவ்வூரின் பல ஒலிகளை எளிதில் பற்றிக்கொண்டனர். ஆனால் சிக்கலான ஓர் உயிரொலி முறை, பெற்றோரும் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலன்றி முழுமையாகப் படியவில்லை. ஊரார் அறியாவிடினும், எங்கோ ஒரு மூலையில் தாயின் குரல் தங்கிவிடுகிறது.

இம்மாற்றங்கள் எல்லாம் இயல்பு. ஆறு கடலில் கலப்பதற்கு யாரும் வருந்துவதில்லை. ஆனால் 2023 தொடக்கத்தில் நடந்தது இயல்பு என்று சொல்லித் தள்ளக்கூடியதன்று. வகுப்பில் யாருடைய தண்ணீர்ப் புட்டி என்று ஆசிரியை கேட்டபோது, பேத்தி வாய் தவறி “எனக்க” என்றிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்து, அதன் பிறகு சில நாள்கள் அவளைக் கண்டபோதெல்லாம் “எனக்க, எனக்க” என்று அதே இழுப்பில் சொல்லிக் காட்டியிருக்கிறார். செல்லமாகத்தான் செய்தார் என்று நம்புகிறேன். ஆனால் ஒருநாள் மாலை, அழைத்துவரப் போன பாட்டியிடம் பள்ளி வாயிலிலேயே, “பாட்டி, இங்க பேசாதீங்க. வீட்டுக்குப் போய்ப் பேசலாங்க” என்று குழந்தை தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து என் மனைவி வாயிலில் பேசாமல் நிற்பாள், பையை வாங்கிக்கொள்வாள், தெரு திரும்பிய பிறகே இருவரும் பேசத் தொடங்குவார்கள்.

தொல்காப்பியர் திசைச்சொல்லையும் தமிழின் நால்வகைச் சொற்களில் ஒன்றாக வைத்துச் சிறப்புச் செய்தார். கடல் கடந்து வந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கு மட்டுமன்றி மக்கள் பேசிய கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதினார். நாமோ பக்கத்து மாவட்டத்துப் பேச்சைக் கேட்டால் சிரிக்கிறோம். திரைப்படங்களில் கோவைத் தமிழும் குமரித் தமிழும் பல வேளைகளில் நகைச்சுவைக்கே பயன்படுகின்றன. குழந்தைகள் அதையும் கற்றுக்கொள்ளாமல் விடுவார்களா?

அவ்வாண்டு குருத்து ஞாயிறன்று மத்தேயு எழுதிய பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டது. பேதுரு முற்றத்தில் நின்று மறுதலிக்கும் பகுதி வந்தபோது, என் மனைவி தலை நிமிர்ந்து கேட்டாள். அருகில் நின்றவர்கள் பேதுருவைக் கண்டுகொண்டது முகத்தால் மட்டுமன்று, பேச்சாலும்தான். எருசலேமில் கலிலேயரின் பேச்சு தனியாகத் தெரியும். அடித்தொண்டையில் எழும் ஒலிகளை அவர்கள் வேறுபடுத்திச் சொல்வதில்லை என்று யூதரின் தல்மூது நூலில் ஒரு கேலிக் கதையே இருக்கிறது. கலிலேயன் ஒருவன் கடைத்தெருவில் ஏதோ வேண்டுமென்று கேட்கிறான். அவன் கேட்பது ஏறிச் செல்லக் கழுதையா, குடிக்கத் திராட்சை இரசமா, உடுத்தக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா என்று கேட்டு நகைக்கிறார்கள். நான்கும் அவன் வாயில் ஒன்றுபோலவே ஒலித்தன. அன்றைய எருசலேமிலும் வகுப்பறைச் சிரிப்பு இருந்திருக்கிறது. நீதித்தலைவர்கள் காலத்திலோ அது சிரிப்போடு நிற்கவில்லை. யோர்தான் துறையில் ‘ஷிபோலெத்’ என்னும் சொல்லைச் சரியாக ஒலிக்க இயலாத எப்ராயிமியர் வெட்டுண்டனர்.

மறையுரையில் இதைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த ஞாயிறு முழுவதும் என் மனம் இதிலேயே இருந்தது. நாசரேத்தில் மரியாவின் மடியில் பேசக் கற்ற குழந்தையும் அந்தக் கலிலேயப் பேச்சைத்தானே கற்றிருக்கும்! தச்சுப் பட்டறைக்கு அருகே விளையாடிய பிள்ளைகளின் இழுப்பு அதன் நாவிலும் ஏறியிருக்கும். பேதுருவைக் காட்டிக்கொடுத்த ஓசை, உள்ளே விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்தவரின் ஓசையும்தான். வாயால் அவரை அறியேன் என்று சொன்ன அதே வேளையில், பேதுருவின் நாவு தாங்கள் ஒரே நாட்டார் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் இதை மனைவியிடம் சொன்னேன். “அப்போ சேசுவைப் பார்த்தும் சிரிச்சிருப்பாங்க” என்றாள். அவ்வளவுதான்.

பேத்திக்கு இப்போது ஒரு தம்பி இருக்கிறான். இரண்டு வயது, வாய் ஓயாத பருவம். அக்காளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் சொல்வது ‘என்னக்கா’ என்பதுபோல் கேட்கிறது. “எனக்க அக்கா என்கிறான்” என்று பாட்டி சொல்கிறாள். “இல்லைங்க பாட்டி, என்ர அக்காங்கறான்” என்கிறாள் பேத்தி. நான் பலமுறை காது கொடுத்துக் கேட்டுவிட்டேன். எதுவென்று எனக்குப் பிடிபடவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை. அவனும் நாளுக்குப் பத்து முறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான்.