உம்மாவின் ஒட்சிசன் குழாயும் புத்தளத்துத் தண்ணியும்



கொஞ்ச நாளைக்குள் மூன்று வீடுகளிலிருந்து ஒரே கேள்வி. "சேர், மெஷின் வந்திட்டுது. அந்தப் போத்தலுக்கு எந்தத் தண்ணி ஊத்துறது?" தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதி விடுகிறேன். நான் வைத்தியன் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். 2021இலிருந்து எங்கள் உம்மாவின் குழாயைக் கழுவுகிறவன், அவ்வளவுதான்.

உம்மாவின் நெஞ்சு சிகரட்டால் கெட்டதல்ல. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, இங்கே கிடுகுக் கொட்டிலுக்குள் ஈர விறகை ஊதி ஊதிச் சோறாக்கிய நெஞ்சு. வருடக் கணக்கில் விறகுப் புகையைச் சுவாசித்தாலும் இந்த நோய் வரும். டொக்டர் "புகைப்பீங்களா?" என்று கேட்டபோது உம்மா சிரித்தா.

ஒரு நாளைக்குப் பதினைந்து மணித்தியாலமாவது ஒட்சிசன் வேண்டும் என்றார் டொக்டர். 1980இல் அமெரிக்காவிலும் 1981இல் பிரித்தானியாவிலும் வெளிவந்த இரண்டு ஆய்வுகள்தான் அதற்கு ஆதாரம். இரத்தத்தில் ஒட்சிசன் மிகவும் குறைந்த நோயாளிகள் நீண்ட நேரம் எடுத்தால் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். ஆக, அந்தக் குழாய் மூக்கிலேயேதான் கிடக்கும். சளி, வியர்வை, தூசு எல்லாம் அதில் படியும்.

இனித் தண்ணிக்கு வருவோம். நம்ம கேத்தலுக்குள் பார்த்தால் தெரியும், அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு. வகுப்பில் வன்னீர் என்று படிப்பிப்பது இதைத்தான். கிணற்றுத் தண்ணியை அப்படியே ஊற்றினால் போத்தலின் உள் குழாயில் அதே சுண்ணாம்பு படிந்து துளைகளை அடைக்கும், கிருமியும் வளரும். பாமசியில் காய்ச்சி வடித்த நீர் கேட்டு வாங்குங்கள். கிடைக்காத நாளில் ஃபில்டர் தண்ணியை நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு ஊற்றலாம். கராஜில் விற்கும் பெற்றரித் தண்ணி வேண்டாம், அது மனிதருக்குச் செய்ததல்ல.

உம்றாவுக்குப் போய் வந்த மாமி ஸம்ஸம் தண்ணியைப் போத்தலுக்குள் ஊற்றச் சொன்னா. அன்பு விளங்குகிறது. ஆனால் ஸம்ஸமில் தாதுப்பு கூட. "மாமி, அது குடிக்கிற பரக்கத், மெஷினுக்கு இல்ல" என்று சொல்லி உம்மாவுக்கு ஒரு கிளாஸ் குடிக்கக் கொடுத்தோம்.

2021இல் இந்தியாவில் கொரோனா நோயாளிகளுக்குக் கரும்பூஞ்சை வந்தது ஞாபகம் இருக்கும். நீரிழிவும் ஸ்டீரொயிட் மருந்தும்தான் பெரிய காரணங்கள். ஆனாலும் இந்தப் போத்தலுக்குச் சுத்தமான, கிருமி நீக்கிய தண்ணிதான் ஊற்ற வேண்டும் என்று அங்கே அப்போது அறிவுறுத்தினார்கள். இன்னொன்று, குறைந்த அளவில் ஒட்சிசன் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் போத்தலே தேவைப்படாது. உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். தேவையில்லை என்றால் பாதி வேலை மிச்சம்.

எங்கள் வீட்டில் சுபஹுக்குப் பிறகு பழைய தண்ணியைக் கொட்டிப் புதிது ஊற்றுவோம். மிச்சத்துக்கு மேல் ஊற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு பங்கு வினாகிரி மூன்று பங்கு தண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு அலசுவோம். மூக்கில் போடும் கனுலாவையும் இளஞ்சூட்டுத் தண்ணியில் சவர்க்காரத்தால் கழுவுவோம். நம்ம கடற்காற்றில் அது இலேசில் காயாது. அதனால் இரண்டு கனுலா வைத்து மாறி மாறிப் பாவிக்கிறோம். ஈரம் நின்றால் மெஷினில் பூட்டிக் கொஞ்ச நேரம் காற்றை ஓடவிடலாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் புதிது. நீளக் குழாயைக் கழுவ வேண்டாம், உள்ளே தண்ணி நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மெஷினின் பின்பக்கத்து ஸ்பொஞ்ச் ஃபில்டரையும் வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

வுழூ செய்யக் கழற்றும்போது நிலத்தில் போட்டால் அவ்வளவு கழுவியும் வீண். முஸல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்தேன், அதில்தான் தொங்கும். கழற்றினால் மெஷினையும் நிறுத்துங்கள். ஒட்சிசன் படுக்கைத் துணியில் தேங்கினால் ஒரு பொறி போதும். சாம்பிராணிச் சட்டி அந்த அறைக்குள் வரவே கூடாது. அடுப்படிக்கும் குழாயோடு போகக் கூடாது. உம்மாவை நிறுத்துவதுதான் பெரிய பாடு, "கறிக்கு உப்புப் பார்க்க மட்டும்" என்று கிளம்புவா. மூக்குக் காய்ந்தால் வஸ்லின், தைலம், தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். தண்ணி அடிப்படையிலான ஜெல் பாமசியில் கேளுங்கள். காதுக்குப் பின்னால் புண் வந்தால் பஞ்சு வையுங்கள்.

காற்று வரவில்லை என்று சந்தேகம் வந்தால் கனுலாவின் நுனியை ஒரு கிளாஸ் தண்ணிக்குள் விட்டுப் பாருங்கள். குமிழி வரும். வராவிட்டால் முதலில் கதிரைக் காலுக்குக் கீழே பாருங்கள், பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் குழாய் பெரும்பாலும் அங்கேதான் நசிந்து கிடக்கும்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினார்களே. இத்தனைக்கும் நுரைச்சோலை நம்ம மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிறிய சிலிண்டர் ஒன்றை நிரப்பி வைத்திருங்கள். அந்த நேரம் அந்த அறைக்குள் மெழுகுதிரி வேண்டாம், டோர்ச் பாவியுங்கள்.

எங்களிடம் உடைக்காத கனுலா நாலு மேலதிகமாக இருக்கிறது. தேவையானவர்கள் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். உம்மாவுக்கு துஆச் செய்யுங்கள்.