பிள்ளைகளைப் பிடிக்கும் என்பவர்களுக்கு

ப்ளஸ் டூ முடிவுகள் வரும் சமயத்தில் மார்த்தாண்டத்திலிருந்தும் குழித்துறையிலிருந்தும் தெரிந்தவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் எனக்குப் போன் செய்வார்கள். "அக்கா, எனக்குச் சின்னப் பிள்ளைங்கன்னா உயிரு. அவங்களோடவே இருக்கிற மாதிரி ஒரு வேலைக்கு என்ன படிக்கலாம்?" திருவனந்தபுரத்தில், கேட்பதிலும் பேசுவதிலும் பின்தங்கும் குழந்தைகளுக்குச் சிறப்பு ஆசிரியையாக வேலை பார்க்கிறேன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருகிறது. நான் உடனே படிப்பின் பெயரைச் சொல்வதில்லை. "அந்தப் பிள்ளையோட அம்மாவையும் உனக்குப் பிடிக்குமா? ராத்திரி முழுக்கத் தூங்காம, விடியக்காலம் ரெண்டு பஸ் மாறி வந்து, உன் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கிற அம்மாவை?" என்று திருப்பிக் கேட்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமிருக்காது.

நான் படிக்கச் சேர்ந்தபோது என்னிடம் இதை யாரும் கேட்கவில்லை. நான் ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவளும் இல்லை. மருத்துவம் கிடைக்கவில்லை, நர்சிங்குக்குக் கட்ட அப்பாவிடம் பணமில்லை. சிறு குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வியில் பட்டயப் படிப்பு ஒன்று இருக்கிறது, செலவு குறைவு என்று யாரோ சொன்னார்கள், சேர்ந்தேன். "பிள்ளை பாக்கதுக்கா படிச்சிட்டு வாற?" என்று அத்தை கேட்டது பல வருஷம் காதில் நின்றது. பெண் பார்க்க வந்தவர்களிடம் "ஆஸ்பத்திரியில வேலை" என்று மட்டும் சொல்லச் சொன்னார் அம்மா. நானும் அப்படியே சொன்னேன். குழந்தைகளோடு வேலை செய்பவர்களை நம் சமூகம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயமில்லை, என் வீட்டுத் திண்ணையில் தெரிந்தது.

வேலையில் சேர்ந்த இடத்தில் என்னைப் பழக்கியவர் ஒரு மூத்த சேச்சி. பயிற்சி அறைக்குள் குழந்தையோடு யார் வந்திருக்கிறார்களோ அவர்களையும் பாயில் உட்கார வைத்துவிட்டுத்தான் பொம்மைக் கூடையைத் திறப்பார். காரணத்தை அவர் கணக்காகச் சொன்னார்: ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் குழந்தை நம்மிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ மணி நேரம். மீதியெல்லாம் அம்மாவிடமும் அம்மச்சியிடமும். நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது அவர்களுக்குத்தான். ஆக்குளத்தில் இருக்கும், 1997-இல் தொடங்கிய தேசியப் பேச்சு, கேட்டல் நிறுவனமான நிஷ்ஷிலும், காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கான ஆரம்பப் பயிற்சியில் பெற்றவர்கள் கூடவே இருந்து கற்றுக்கொள்வார்கள். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் இது தெரிவதில்லை. நாங்கள் குழந்தையை உள்ளே வாங்கி, சரிசெய்து, வெளியே கொடுப்போம் என்று நம்பி வருகிறார்கள்.

பாறசாலைக்கு அப்பாலிருந்து ஒரு ஆச்சி பேரனைக் கூட்டிவருவார். மகளும் மருமகனும் வளைகுடாவில். பையனுக்கு ஒரு காதில் பாதிக்கு மேல் கேட்காது, மற்றக் காதில் கேட்பது இன்னும் குறைவு. கருவி மாட்டிச் சில மாதமாகியிருந்தது. ஆச்சி அவனுக்குத் தேவையானதை அவன் கேட்பதற்கு முன்னாலேயே கையில் கொடுத்துவிடுவார். தண்ணீர், பழம், செருப்பு, எல்லாம். அவ்வளவு பாசம். அவன் வாய் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு காரியம்: டம்ளரை அவன் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள். "பிள்ளைக்குத் தாகிக்குமே டீச்சரே" என்றார். தாகிக்கட்டும், ஐந்து எண்ணும் நேரம்தான் என்றேன். அந்தக் காத்திருப்பு அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது கையைப் பார்த்தால் தெரிந்தது, டம்ளர் நடுங்கியது. பிறகு குளிப்பாட்டும்போது தலைக்குத் தண்ணி, கைக்குத் தண்ணி என்று சொல்லிச் சொல்லி ஊற்றுவது, தேங்காய் துருவும்போது பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவது, பஸ்ஸில் வரும்போது யானை, பாலம், மழை என்று காட்டுவது, எல்லாவற்றையும் ஆச்சியே செய்தார். பையன் முதலில் சொன்ன வார்த்தை "தா". அவன் அதைச் சொன்னது வீட்டு அடுக்களையில். நான் அங்கே இல்லை. இந்தத் தொழிலின் பெரிய சந்தோஷங்கள் பெரும்பாலும் நாம் இல்லாத இடத்தில்தான் நடக்கின்றன. நம் கண் முன்னால் நடக்க வேண்டும், நம் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற வேலையில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நகரத்தில் இது தினசரிப் பிரச்சினை. சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் வீட்டுக்குள் தமிழ், வாசலில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். பேச்சு தாமதமாகும் குழந்தையின் வீட்டில் "இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று யாராவது அறிவுரை சொல்லிவிடுகிறார்கள். அப்படிக் கேட்டு வந்த ஒரு தாய்க்கு இங்கிலீஷில் பத்து வாக்கியம்கூடத் தெரியாது. அந்த வீட்டில் குழந்தையோடு பேச்சே நின்றுபோயிருந்தது. தாலாட்டு இல்லை, திட்டு இல்லை, கதை இல்லை. இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவான விஷயம். எந்த மொழியில் உங்களுக்குக் கோபமும் கொஞ்சலும் வருமோ அந்த மொழியில் பேசுங்கள் என்று சொன்னேன். அவர் அழுதுவிட்டார். அவருக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது பயிற்சியைவிட அந்த அனுமதிதான்.

இனி, போனில் கேட்கும் பெண்களுக்கு வழிகளைச் சொல்கிறேன். எல்லோரும் அலட்சியமாகப் பார்க்கும் வழியிலிருந்தே தொடங்குகிறேன்.

அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் பகுதியாகத் தொடங்கியது. கேரளத்தில் இன்று 33,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். மதியச் சோறு போடும் இடம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் முழுக்க அங்கே இருந்து பார்க்க வேண்டும். எடை போடுவது, உயரம் அளப்பது, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ளவர்களுக்குக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் தயாரிக்கும் அமிர்தம் சத்துமாவைக் கொடுப்பது, கர்ப்பிணிகளைப் போய்ப் பார்ப்பது, தடுப்பூசி நாளை நினைவூட்டுவது, எல்லாவற்றையும் போனில் போஷண் டிராக்கர் செயலியில் ஏற்றுவது, இவற்றுக்கிடையில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். 2025 தொடக்கத்தில் ஒரு சின்னப் பையன் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று மழலையில் கேட்ட வீடியோ கேரளம் முழுக்கச் சுற்றியது. அந்த ஜூன் மாதமே முட்டை பிரியாணி சேர்ந்த புதிய உணவுப் பட்டியலை அரசு வெளியிட்டது. ஒரு குழந்தை கேட்டதைப் பெரியவர்கள் காதில் வாங்கினார்கள் என்பதால் எனக்கு அந்தச் செய்தி பிடிக்கும்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் சீக்கிரமாக வந்து சேருகிறவர்களைக் கேட்டால், அநேகமாக அங்கன்வாடி டீச்சர்தான் அனுப்பியிருப்பார். தட்டு விழுந்த சத்தத்துக்கு எல்லாக் குழந்தையும் திரும்ப, ஒன்று மட்டும் திரும்பவில்லை என்பதை முதலில் கவனிக்கும் கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கு நாடு கொடுக்கும் விலையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சம்பளம் என்றுகூட அதற்குப் பெயரில்லை, மதிப்பூதியம். மத்திய அரசு நிர்ணயித்த தொகை 2018 அக்டோபரில்தான் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது. ஹெல்பருக்கு 2,250. மேலே உள்ளதை மாநிலம் சேர்க்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. ஹெல்பராக இருப்பவர் டீச்சராகவும், டீச்சர் சூப்பர்வைசராகவும் உயர வழி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வழி, குழந்தைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கும் வேலை. அது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. டாக்டர் எம்.கே.சி. நாயர் 1987-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி மையம். அங்கிருந்து வந்த திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணை நாடு முழுக்கப் பயன்படுகிறது. ஒரே தாளில் பதினேழு காரியங்கள்: அம்மாவைப் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, சத்தத்துக்குத் திரும்புவது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது, இரண்டு வார்த்தை சொல்வது, பொம்மையின் உறுப்புகளைக் காட்டுவது வரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. கோட்டின் இடது முனை நூற்றில் மூன்று குழந்தைகள் அதைச் செய்துவிடும் வயது, வலது முனை தொண்ணூற்றேழு பேர் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட கோடுகளையெல்லாம் குழந்தை தாண்டியிருக்க வேண்டும். ஒன்று தவறினால் மேல்பரிசோதனை. இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டாம், சில நிமிடம் போதும். பார்த்ததைத் தாயிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்பதற்குத்தான் வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும். "பயப்பட ஒண்ணுமில்ல" என்று நான் சொல்வதில்லை. பயம் இருக்கிறது. "இப்பவே வந்தது நல்லது, இனி என்ன செய்யலாம்னு சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்வேன்.

பேச்சு, கேட்டல் துறைப் பட்டப்படிப்பு பயிற்சி வருஷத்தோடு சேர்த்து நான்கு வருஷம். அறிவியல் பாடம் எடுத்தவர்கள் நிஷ்ஷிலேயே படிக்கலாம். வெளிநாட்டுக்குப் போகும் வாய்ப்பு இதில் அதிகம். சிறப்புக் கல்விப் பட்டயம் என்னைப் போன்றவர்களுக்கு. குடும்பத்தோடு வேலை செய்யவே ஆசை என்றால், 1963 முதல் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் லயோலா சமூக அறிவியல் கல்லூரி போன்ற இடங்களில் சமூகப்பணி முதுகலை படிக்கலாம். கைவிடப்படும் குழந்தைகளுக்காகத் தைக்காட்டில் அம்மத்தொட்டில் வைத்திருக்கும் மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சில் முதல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகங்கள் வரை அந்தப் படிப்புக்கு இடமுண்டு. கன்னியாகுமரி ஜில்லாவிலிருந்து வடக்கே போக வசதியிருப்பவர்களுக்குச் சென்னை முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனமும் இருக்கிறது.

எந்தப் படிப்பானாலும் நான் மறைக்காமல் சொல்லும் சில உண்மைகள் உண்டு. என்னோடு படித்து நர்சிங் போனவர்கள் வளைகுடாவிலிருந்து வீடு கட்டிவிட்டார்கள். அந்த வீடுகளைக் கடந்து போகும்போது எனக்குப் பொறாமை வந்திருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் அம்மாவும் பாட்டியும் இருக்க, அப்பா வண்டியை விட்டு இறங்காமல் வெளியே நிற்கும்போது எனக்கு வரும் கோபம் இன்னும் அடங்கவில்லை. "எப்பப் பேசுவான் டீச்சர்?" என்ற கேள்விக்கு என்னிடம் தேதி இல்லை, ஒருபோதும் இருக்கப்போவதும் இல்லை. பகலெல்லாம் பிறர் பிள்ளைகளோடு பேசிவிட்டுச் சாயங்காலம் வீடு வந்தால், என் மகளோடு பேச எனக்குக் குரல் இருக்காது. அவளுக்குக் கதை சொல்வது அவள் அப்பாதான்.

இவ்வளவும் தெரிந்து, இன்று மறுபடி ப்ளஸ் டூ முடித்து நின்றாலும் இதையே எடுப்பேன். இப்போது யார் கேட்டாலும் சிறப்பு ஆசிரியை என்றே சொல்கிறேன்.

சேர முடிவு செய்துவிட்ட பெண்களுக்கு இரண்டு காரியம். பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த வருஷத்துக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மன்றத்தின் பட்டியலிலேயே பாருங்கள். சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி போன்ற தொழில்களை மன்றத்தின் பதிவேட்டில் பெயரில்லாமல் செய்வது 1992-ஆம் வருஷச் சட்டப்படி தண்டனைக்குரியது, அங்கீகாரமற்ற சான்றிதழோடு வந்து ஏமாந்து நிற்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அதற்கும் முன்னால், உங்கள் வார்டு அங்கன்வாடி டீச்சரிடம் அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது அங்கே போய் இருங்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களோடு பேசுங்கள்.